சங்கு ஊதாத நாளில் கௌதாரி கூப்பிடாது

என் கணவருக்கு நான் இரண்டாம் தாரம் என்று சொல்லித்தான் ஆவடியில் புதிதாகப் பழகுகிறவர்களிடம் பேச்சைத் தொடங்குவேன். கேட்கிறவர்கள் முகம் சுருங்கும். கொஞ்ச நேரம் சுருங்கவிட்டு, பிறகு பின்பக்கம் அழைத்துப் போய் மூத்தவளைக் காட்டுவேன். மூங்கில் கூண்டின்மேல் போட்ட பழைய வேட்டித் துணியை விலக்கினால், உள்ளேயிருந்து ஒரு கௌதாரி தலையைச் சாய்த்துப் பார்க்கும். உண்மையில் அது ஆண் பறவை. காலில் முள் வைத்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற முரட்டுப் பயல். ஆனாலும் காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்க்கப் போவது அதன் முகத்தைத்தான் என்பதால், என்னைப் பொறுத்தவரை அது சக்களத்திதான்.

அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மற்ற ஊர்களில் நாய் வளர்ப்பதுபோல் அங்கே கௌதாரி வளர்ப்பார்கள். காட்டில் எடுத்த முட்டையை வீட்டுக் கோழிக்கு அடியில் வைத்துப் பொரிக்கவிட்டு, குஞ்சாக இருந்தது முதல் கையில் வைத்துப் பழக்கியிருக்கிறார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் கடைசல் வேலை கிடைத்தபோது ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறுகையில் கூண்டுமாக ரயிலேறி வந்தவர். அறுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி அவருடைய தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியின்மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. கூண்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்தால் காப்பிகூடக் குடிக்காமல் நேரே பின்பக்கம் போவார். சாணியும் வைக்கோலும் அடைத்த ஒரு பானையை அங்கே கவிழ்த்து வைத்திருப்பார். அதில் ஏறியிருக்கும் கரையானைத் தட்டி எடுத்துப் பறவைக்குப் போடுவார். எனக்குப் பூ வாங்க மறந்த நாள் எத்தனையோ உண்டு. அதற்குக் கரையான் மறந்த நாள் கிடையாது.

அந்தப் பறவையைச் சும்மா அழகுக்கு வைத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் வேலை உண்டு. கூண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் முட்புதர் ஓரமாக வைத்துத் துணியை விலக்கிவிட்டால், அது கழுத்தை நீட்டிக் கூப்பிட ஆரம்பிக்கும். கடீத்தர், கடீத்தர் என்று காதைப் பிளக்கிற கூப்பாடு. கௌதாரிக்கு எல்லைச் சண்டை பெரிய விஷயம். நம் இடத்தில் எவன் வந்து கூவுகிறான் என்று அந்தப் புதரின் சொந்தக்காரக் கௌதாரி கோபமாகப் பதில் கொடுத்துக்கொண்டே வரும். மறைவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சுடுவார்கள். துப்பாக்கி அவருடைய சிநேகிதர் வீட்டுடையது. அந்தச் சிநேகிதரும் அதே தொழிற்சாலைதான். திருநின்றவூர்ப் பக்கம் வயல்வேலை பார்த்த குடும்பத்திலிருந்து முதலில் கம்பெனிச் சட்டை போட்டவர். குவார்ட்டர்ஸ் எல்லைக்குள் துப்பாக்கிக்கு இடமில்லை என்பதால் அது சிநேகிதருடைய ஊர் வீட்டுப் பரணிலேயே இருக்கும்.

நான் வந்த முதல் வருஷம் ஞாயிறு தவறாமல் கௌதாரிதான். அவரே அறுத்து, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு வறுப்பார். சாப்பிடும்போது பல்லில் நறுக்கென்று ஈய ரவை அகப்படும். அதை எடுத்துத் தட்டு விளிம்பில் வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் போட்ட நகை என்று சொல்வேன். அவர் சிரிக்கமாட்டார். எந்தப் புதர், எத்தனை அடி தூரம், காற்று எந்தப் பக்கம் என்று அந்த ஒரு ரவையின் வரலாற்றை விளக்குவார்.

இவர்கள் இரண்டு பேர் மட்டும் சுட்டிருந்தால் கௌதாரிகள் பொறுத்துக்கொண்டிருக்கும். ஆனால் தொழிற்சாலைக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் வந்த ஆண்பிள்ளைகள், அவரவர் ஊர் வேட்டைப் பெருமையோடு, அந்த ஒரே நாளில் கிளம்புவார்கள். பருத்திப்பட்டிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் நாட்டுத் துப்பாக்கி, ஏர் கன், கண்ணி, கவண் என்று ஒரே திருவிழா. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பறவை பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்தவை புத்திசாலிகளாகிவிட்டன.

அதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அவர் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. வேலைநாட்களில் விடிந்ததும் தொழிற்சாலைச் சங்கு ஊதும். அது ஊதி அடங்கியதும் காம்பவுண்டுக்கு அப்பால் உள்ள கருவேலங்காட்டில் கௌதாரிகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. அன்றைக்குக் காடே வாயைத் திறக்காது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் ஆயுத பூஜை, பொங்கல் என்று சங்கு ஊதாத எந்த நாளும் இதே கதைதான். சங்கு ஊதினால் சைக்கிள்கள் எல்லாம் தொழிற்சாலைக்குள் போகும், ஊதாவிட்டால் தங்களைத் தேடி வரும் என்று அவை கற்றுக்கொண்டிருந்தன. உங்கள் கௌதாரிகள் ஞாயிறு மௌன விரதம் இருக்கின்றன என்று அவரிடம் சொன்னேன். பறவைக்குக் கிழமை தெரியுமா என்று கேலி செய்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அவர் வாசலில் நின்று வெகுநேரம் காது கொடுத்துக் கேட்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்த வரைக்கும் சரி. அதற்கு முந்தின வருஷம் ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒரு கரு கலைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கரையான் பானையருகே போய் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் வரமாட்டார். எனக்கும் அழுவதற்குத் துணை தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டேன், அது பொய். இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தேன். மூன்று மாதம் தாண்டியும் மசக்கை விடவில்லை. சோற்றைக் கண்டால் குமட்டும், கஞ்சி இறங்கினால் திரும்பி வரும். புடவை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டேன். இப்படியே போனால் பிள்ளை எதைத் தின்று வளரும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னை விட்டுவிட்டு அவரைத் திட்டினார். அந்த நாட்களில் என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று யார் கேட்டாலும் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். மிளகு போட்டு வறுத்த கௌதாரி.

ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிள்ளைக்குக் காது வடியும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் பயமுறுத்தினார். என் கணவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிற ஆள். ஆனால் போன தடவை தன்னால் எதுவுமே செய்ய முடியாமல் போனது அவர் நெஞ்சில் கிடந்தது. இந்தத் தடவை செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு பலிக்காது என்று தெரிந்ததும் ஒரு புதன்கிழமை லீவு போட்டார். சங்கு ஊதும்வரை புதருக்குள் ஒளிந்திருந்து, ஊதியதும் கூண்டின் துணியை விலக்குவது என்று திட்டம். நல்ல திட்டம்தான். அதே திட்டம் அதே புதன்கிழமை தொழிற்சாலையில் இன்னும் பல பேருக்கும் தோன்றியிருந்தது. புதருக்குப் புதர் ஆள். அதில் ஒருவர் இவருடைய ஃபோர்மேன். இருவரும் காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்கியவர்கள் என்பதால் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் திரும்பி வந்தார்கள்.

அடுத்த யோசனை சிநேகிதருடையது. வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் விளக்கினார்:

"இன்னா அண்ணாத்தே, பட்சிக்கு நம்ம மூஞ்சி தெரிஞ்சுபோச்சு. காக்கி சட்டை வந்தா காணாம பூடுது. சுள்ளி பொறுக்குற பொம்பளைங்க பக்கத்துல போனா நவுரவே மாட்டேங்குது. அண்ணியாண்ட ஒரு பொடவ வாங்கிக்கினு வா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சாணி பொறுக்குகிற பெண்களின் காலடியில் கௌதாரிகள் மேய்வதை நானே பார்த்திருக்கிறேன். என் பழைய பச்சைப் புடவையைக் கொடுத்தேன். கொசுவம் வைத்துக் கட்டிவிட்டதும் நான்தான். மீசையை எடுக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. முக்காடு போட்டு, சுள்ளிக்கட்டுக்கு நடுவில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் குனிந்து குனிந்து போயிருக்கிறார். கௌதாரிகள் உண்மையிலேயே ஓடவில்லை. இரண்டு எட்டு விலகி மேய்ந்திருக்கின்றன. இவர் மெதுவாகச் சுள்ளிக்கட்டை அவிழ்க்கும் நேரத்தில், அங்கே தினமும் சுள்ளி பொறுக்குகிற ஒரு பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாளாம். யக்கா, இது எங்க எடம், நீ எந்த ஊட்டு ஆளு என்று கேட்டிருக்கிறாள். இவர் நிமிர்ந்திருக்கிறார். அவள் போட்ட கூச்சலில் கௌதாரி மட்டுமில்லை, ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பூந்தமல்லிக்குப் போய்விட்டதாகச் சிநேகிதர் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு மட்டும் இரண்டு வாய் மோர்சோறு உள்ளே தங்கியது.

கடைசியில் வேட்டை கௌரவத்தை விட்டுவிட்டு விலைக்கு வாங்கலாம் என்று குமணன்சாவடிக்குப் போனார். அங்கே நாற்சந்தியில் பறவை விற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கௌதாரி இப்போதெல்லாம் இந்தப் பக்கம் சிக்குவதில்லை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லிக் காடையைக் கொடுத்தனுப்பினார்கள். அதை வறுத்து, கௌதாரி என்றே தட்டில் வைத்தார். குளிருக்குச் சுருங்கிவிட்டதா என்று கேட்டேன். பிறகு ஒரு வாய் வைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கேலி செய்ய மனம் வரவில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், கௌதாரிகள் எங்கேயும் தொலைந்துபோகவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தன. குவார்ட்டர்ஸ் வேலிக்குள் துப்பாக்கி வெடிக்காது என்பதையும் அவை படித்துவிட்டன. சங்கு ஊதியதும் பின்பக்கத்தில் எங்கள் பறவை கூப்பிடும். கொடுக்காப்புளி வேலியிலிருந்து உடனே பதில் வரும். பிறகு பதில் சொன்னவனே வருவான். நல்ல வாட்டசாட்டமான காட்டுக் கௌதாரி. துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று கூண்டைப் பார்த்துச் சவால் விடும். ஏரிக்கரையில் இவருடைய நிழலைக் கண்டால் பறக்கிற அதே இனம், இங்கே இவர் பாதி முகத்தில் சவரச் சோப்போடு நின்று பார்க்க, இறகை உலுக்கிக்கொண்டு நிற்கும். அதே ஆள், அதே காக்கிச் சட்டை. வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

துப்பாக்கிதானே கூடாது என்று கூண்டைச் சுற்றி நைலான் கயிற்றில் கண்ணி வைத்துப் பார்த்தார். காட்டுக்காரன் கண்ணியின் ஓரமாகவே சுற்றி நடந்து, அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வேலிக்குப் போய்விட்டான். பக்கத்து வீட்டு முட்டைக்கோழி மாட்டிக்கொண்டது. அது போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. குடியிருப்பு அலுவலகத்து ஆள் வந்து, எல்லைக்குள் இன்னொரு தடவை கண்ணியைப் பார்த்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று எச்சரித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ராத்திரிகளில் நான் புரண்டு படுத்தால்கூட அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் கூண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனவர், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். துணி போர்த்திய கூண்டைப் பின்பக்கத்து ஆணியில் மாட்டினார். தாமரை இலையில் சுருட்டிய கறி கையில் இருந்தது. சுத்தம் செய்தே கொண்டுவந்திருந்தார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ஏரிக்கரையில் சிநேகிதர் சுட்டார் என்றார். அவ்வளவுதான். எந்தப் புதர், எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வாசம் எனக்கு ஆகாது என்று வெளியே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். புகைக்கு நடுவில் உட்கார்ந்து முதுகைத் திருப்பிக்கொண்டு வறுத்தார்.

இலை போட்டு எனக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தார். உங்களுக்கு என்றேன். வயிறு சரியில்லை என்றார். முதல் வாய் வைத்தேன். குமட்டவில்லை. இரண்டாவது வாய். மிளகும் வெங்காயமும் கறியுமாக, நான் அத்தனை வாரமாக நாக்கில் நினைத்துக்கொண்டிருந்த அதே ருசி. பசி எழும்பியது. பல்லில் ரவை அகப்படும் என்று பழக்கத்தில் மெதுவாக மென்றேன். அகப்படவில்லை. அடுத்த துண்டிலும் இல்லை. கறி மெத்தென்று இருந்தது. தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு. புதருக்குப் புதர் ஓடிப் பிழைக்கிற பறவையின் உடம்பில் கொழுப்பு ஏது? கரையானும் கேழ்வரகும் வேளாவேளைக்குத் தின்றால்தான் அது வரும்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைக் கண்டு பயப்படாத கௌதாரி அந்த வட்டாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. பயப்படக் கற்றுக்கொண்டதெல்லாம் பிழைத்துக்கொண்டது. அதற்கு மட்டும் யாரும் அதைக் கற்றுத்தரவில்லை. கூண்டைத் திறந்ததும் அது கரையான் என்று நினைத்துக் கைக்கு வந்திருக்கும்.

இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவரைப் பார்த்தேன். என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். நான் பாதியில் எழுந்தால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று தெரிந்தது. அவர்மேல் எனக்கு அன்றைக்குப் பொங்கிய அன்பு அதற்கு முன்னால் பொங்கியதில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை. ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டேன். எலும்பைக்கூடக் கடித்து உறிஞ்சினேன். குமட்டுகிறதா என்று கேட்டார். இல்லை, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள் என்றேன். அத்தனையும் உள்ளே தங்கியது.

மறுநாள் திங்கட்கிழமை. சங்கு ஊதியது. ஊதி அடங்கியதும் வேலியிலிருந்து காட்டுக் கௌதாரி கூப்பிட்டது. பதில் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கூப்பிட்டது. பிறகு வெளியே வந்து துவைக்கிற கல்லின்மேல் ஏறி, துணி மூடிய கூண்டைப் பார்த்து நின்று கூப்பிட்டது. பின்கதவருகே ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றைக் கட்டாமல் அப்படியே குனிந்திருந்தார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் தோள் குலுங்கியது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேத்து கூண்டைச் சரியா கட்டலை. பறந்து போயிடுச்சு."

அப்போதுதான் வயிற்றில் அது நடந்தது. ஏதோ சின்னதாகப் புரண்டதுபோல். வாயு என்று நினைத்தேன். மறுபடி வந்தது, இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாமல். போன பிள்ளை ஒரு தடவைகூட அசைந்து காட்டாமல் போய்விட்டது. நான் குனிய முடியாமல் குனிந்து, ஷூ கயிற்றிலிருந்து அவர் கையை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கேயும் போகலைங்க. இங்கதான் இருக்கு."